பூத்த கட்டில்

பாலிஷ் வாசனை அடிக்க வேண்டிய அறையில் நனைந்த சேலையின் வாடை அடித்தது. ஜெயசித்ரா வாசலிலேயே நின்றாள். சாயங்கால மூட்டத்தில் ஓட்டின் மேல் சாரல் பொடுபொடுவென்று விழுந்துகொண்டிருந்தது. ஒழுகிய ஓடுகளை அவள் போன வருஷமே மாற்றியிருந்தாள். அப்படியும் மாமியாரின் ஈட்டிமரக் கட்டில் தொட்டால் கையில் ஒட்டும் ஈரத்தோடு கிடந்தது.

போன சீசனில், வாதத்தில் கிடந்த மாமியார் ரெங்கம்மாளை அந்த வெறும் பலகையில் விட்டு, கதவை வெளியே கொண்டி போட்டுவிட்டு, அவள் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனாள். சட்டென்று திரும்பிவிடலாம் என்றுதான் போனாள். கூட்டம், குளியல், பிறகு சூடாக பஜ்ஜி. வந்து பார்த்தால் தலைக்கு மேல் ஓடு நகர்ந்திருந்தது. கிழவி நனைந்து விறைத்துக் கிடந்தாள். சேலையை மாற்றிவிட்டுத்தான் ஜெயசித்ரா ஆட்களைக் கூப்பிட்டாள். தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்றாள். எல்லோரும் நம்பினார்கள். பலகையில் மட்டும் ஆள் நீளத்துக்குக் கறுப்பாக நீர்க்கறை நின்றுவிட்டது.

நாளை வருஷத் திதி. கிழவியின் மகள் சுகிர்தம் வருகிறாள். அம்மாவின் கட்டிலைத் தடவிப் பார்க்காமல் போகமாட்டாள். கறையைப் பார்த்தால் கேட்பாள்.

செங்கோட்டை வரை அலைந்து, கடைசியில் தென்காசியில் யாக்கூப் பாயைக் கண்டுபிடித்தாள். பழைய சாமான்களுக்கு அரக்குப் பாலிஷ் போடுவதில் கெட்டிக்காரர். கறையை இழைத்தே எடுத்துவிட்டார். பாலிஷுக்குத்தான் தயங்கினார்.

“சாரல்ல போட்டா வெள்ளையா பூத்துரும்மா. வெயில் வரட்டும்.”

அவள் விடவில்லை. காலையில் கட்டில் பளபளவென்று இருந்தது.

இப்போது உள்ளே போய் விளக்கைப் போட்டாள். பூத்திருந்தது. பாய் சொன்னதுதானே என்று தேற்றிக்கொண்டாள். ஆனால் அந்த வெள்ளை கட்டில் முழுக்க இல்லை. ஒரு தலை. தோள். மடங்கிய இடது கை.

பாய் வைத்துப்போன ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் தேய்த்தாள். துணி சில்லிட்டது.

“அத்தை, மன்னிச்சிருங்க. சட்டுனு வந்துரலாம்னுதான் போனேன்.”

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே கொண்டி விழுந்தது.

கணவன் பட்டாளத்தில். வீட்டில் வேறு யாரும் இல்லை. கதவை இழுத்தாள். தள்ளினாள். தட்டினாள். சாரல் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

திரும்பினாள்.

வெள்ளை உருவம் சுவரோரமாக நகர்ந்து படுத்திருந்தது. இந்தப் பக்கம் பலகை கறுத்து மின்னியது. ஓர் ஆள் படுக்கலாம்.

மேலே ஓடு நகர்ந்தது. காலியாக இருந்த இடத்தில் முதல் சொட்டு விழுந்தது.