காரைச் சுற்றி ஒரு கயிறு

ஜகதீசனின் பழைய வெள்ளைக் கார் ஒரு மாதமாக இடது பக்கமே இழுத்தது. பேகம்பேட் மேம்பாலத்தில் பிடியைச் சற்றுத் தளர்த்தினால் போதும், ஓரச் சுவரை நலம் விசாரிக்கக் கிளம்பிவிடும்.

"மெக்கானிக் ரெண்டு தடவை பார்த்தாச்சு. இன்னிக்கு நானே பார்க்கிறேன். சரியாகலேன்னா வித்துடலாம்" என்றார் அவர்.

அவருடைய பத்து வயது மகள் நீலாவுக்கு அது பிடிக்கவில்லை. அம்மா இறந்த பிறகு அப்பா வீட்டில் அதிகம் பேசுவதில்லை. காரில் மட்டும் பேசுவார். பள்ளிக்கூடம் போகும் இருபது நிமிடமும் சிக்னல், ஆபீஸ், கிரிக்கெட் என்று ஏதாவது பேசுவார். கார் போய்விட்டால் அவருக்கு ஆபீஸ் பஸ், அவளுக்குப் பள்ளி வேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அடுக்குமாடியின் பார்க்கிங்கில், காரின் இரண்டு பக்கமும் தூணுக்குத் தூண் அப்பா கயிறு கட்டினார். ஆபீசில் அச்சடித்துக்கொண்டு வந்த தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. முன்சக்கரத்தின் முன் விளிம்பிலிருந்து கயிறு வரை அளக்க வேண்டும். பின் விளிம்பிலிருந்தும் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றானால் சக்கரம் நேராக நிற்கிறது.

நீலா குனிந்து ஸ்கேலைப் பார்த்தாள். "பின்னால அஞ்சு மில்லிமீட்டர் கூட இருக்குப்பா."

"என்ன சார், துணி காயப்போடப் போறீங்களா?"

மூன்றாவது மாடி முகமது யூசுப், கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டரோடு நின்றார். "வழி விடுங்க சார். தம்பி குழந்தைக்குப் பேர் வைக்கிறோம். வாடகைப் பாத்திரம் எடுக்கணும்."

"பத்து நிமிஷம் பொறுங்களேன்" என்றார் அப்பா.

யூசுப் கடிகாரத்தைப் பார்த்தார். நீலா கயிற்றை அவிழ்த்தாள். "நீங்க போங்க அங்கிள்."

மறுபடி கட்டி அளந்தால் மூன்று மில்லிமீட்டர்தான் வந்தது. யூசுப் கால்களுக்கிடையில் ஒரு பெரிய அண்டாவோடு திரும்பினார். அவிழ்த்தார்கள், கட்டினார்கள். இப்போது எட்டு!

அப்பா ஸ்பானரைப் பெட்டிக்குள் போட்டார். "கயிறு துளி நகர்ந்தாலும் வேற கணக்கு. கார் கேட்ட ஆளை நாளைக்கு வரச் சொல்றேன்."

யூசுப்பின் முகம் வாடியது. "என்னாலயா? நக்கோ சார், வேண்டாம். நான் வெளியிலயே நிறுத்திக்கிறேன்."

"வெயில்ல அவ்வளவு தூரம் அண்டாவைத் தூக்கிட்டு வருவீங்களா?" என்ற நீலா, கயிற்றையே உற்றுப் பார்த்தாள். "அப்பா, கயிறு ஏன் தூண்ல இருக்கணும்? கார்லயே கட்டிடலாமே!"

மாடிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஹாலின் இரண்டு திரைக்கம்பிகள். இரண்டும் ஒரே நீளம், காரின் அகலத்தைவிடக் கூடுதல். ஒன்றை முன் பம்பரின் நடுவிலும், மற்றதைப் பின் பம்பரின் நடுவிலும் குறுக்காகக் கட்டினார்கள். முன் கம்பியின் நுனியிலிருந்து பின் கம்பியின் நுனிக்கு, இரண்டு பக்கமும் கயிறு போனது.

"ஹவ், சரி, பல்லக்கு ரெடி!" என்றார் யூசுப். "மாப்பிள்ளை எங்கே?"

அளந்தார்கள். ஐந்து. அவர் ஸ்கூட்டருக்காகக் காரை நான்கடி தள்ளினார்கள். கயிறும் கூடவே நகர்ந்தது. மறுபடி அளந்தார்கள்.

"அதே அஞ்சு!" என்று நீலா குதித்தாள்.

அப்பா காருக்கடியில் நுழைந்தார். நட்டைத் தளர்த்தினார், சக்கரத்தைத் திருப்பும் தண்டைக் கொஞ்சம் முறுக்கினார். "இப்போ?"

"மூணு... ஒண்ணு... நிறுத்துங்க! ரெண்டும் சமம்!"

சாயங்காலம் ஏரியோரம் நெக்லஸ் ரோட்டில் அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கைகளை ஒரு விரற்கடை தூக்கினார். கார் இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை.

அப்பா மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நீலா காத்திருந்தாள். ஏரி முடிந்து, கடைகள் வந்தன.

"உங்கம்மா இதுலதான் ஓட்டக் கத்துக்கிட்டா" என்றார் திடீரென்று. "முதல் நாளே ஒரு இளநீர் வண்டிக்காரரைத் துரத்திட்டா, தெரியுமா?"

"அம்மாவா?"

"அவர் கத்தறார், இவ ஹாரன் அடிக்கிறா, நான் கண்ணை மூடிக்கிட்டேன்..."

"அப்பா, நம்ம தெரு போயிடுச்சு!"

"போகட்டும். முதல்ல இதைக் கேளு."

நீலா காலை மடக்கி, அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.