சுவரில் தொங்கிய மேற்கு

மிளகாயின் மூக்கு சிவந்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்கு முதலில் மூக்குதான் சிவக்கும். அந்தப் பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான்.

கோபப்படாமல் என்ன செய்வாள்? பக்கத்தில் உட்காரும் சிட்டு வாய் திறப்பதே அபூர்வம். வகுப்பு டீச்சர் இன்று காலை, "மேற்கு எந்தப் பக்கம்? கை காட்டுங்க" என்று கேட்டார். வகுப்பே இடதுபக்கம் கை நீட்டியது. முன்சுவரில் தொங்கும் உலகப் படத்தில் மேற்கு இடதுபக்கம்தானே இருக்கிறது. சிட்டு மட்டும் வலதுபக்க ஜன்னலைக் காட்டினாள்.

"படத்தைப் பாத்தியா? தப்பு, உட்காரு" என்றார் டீச்சர்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"இனிமே நான் பேசவே மாட்டேன்."

"ஏன்டி அந்தப் பக்கம் காட்டின?" என்று கேட்டாள் மிளகாய்.

"சாயங்காலம் வெயில் அங்கேருந்துதானே நம்ம கண்ணைக் குத்துது."

மிளகாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூரியனுக்குத் தெரியாத மேற்கா அந்தக் காகிதத்துக்குத் தெரிந்துவிடும்? எழுந்து கத்திவிடலாம். ஆனால் கத்தினால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். சிட்டுவின் தலை நிமிராது. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிப் பாடவேளை வரை காத்திருந்தாள்.

வெயில் ஜன்னல் வழியே உள்ளே இறங்கியது.

"டீச்சர், எங்க பெஞ்சுல கொஞ்சம் வந்து உட்காருங்க" என்றாள் மிளகாய்.

"எதுக்கு?"

"உட்காருங்க டீச்சர், சொல்றேன்." குரலில் காரம் குறையவில்லை.

உட்கார்ந்த டீச்சர் உடனே கண்ணைச் சுருக்கி, முகத்தைக் கையால் மறைத்தார்.

"சூரியன் எந்தப் பக்கம் டீச்சர் மறையும்?"

"மேற்கு..." என்று ஆரம்பித்தவர் ஜன்னலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"வடக்குப் பாத்து நின்னாதான் மேற்கு இடதுபக்கம் வரும்" என்றார் மெதுவாக. "நாம தெற்குப் பாத்து உட்கார்ந்திருக்கோம். படம் மாட்டியிருக்கிற சுவரே தெற்குச் சுவர். நான் சொன்னதுதான் தப்பு."

"அதை அவகிட்ட சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் சிட்டுவின் பக்கம் திரும்பினார். "நீ சொன்னதுதான்மா சரி. காலையில சிரிச்சவங்க எல்லாரும் எழுந்திருங்க. படத்தைக் கழட்டி எதிர்ச் சுவர்ல மாட்டுங்க."

சிரித்தவர்கள் வியர்க்க விறுவிறுக்கப் பெஞ்சுகளையும் திருப்பிப் போட்டார்கள். மிளகாய் ஒரு கைகூடக் கொடுக்கவில்லை. அவளுக்குக் கோபம் இன்னும் பாக்கி இருந்தது.

ஸ்டூல் மேல் ஏறிப் படத்தை மாட்டிய பையன், "நேரா இருக்கா?" என்று கேட்டான்.

"இல்ல, மேற்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கு" என்றாள் சிட்டு, வகுப்புக்கே கேட்கும்படி.