ஒன்பதாவது குத்து

போன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் சந்திரகலா அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். பௌர்ணமி பந்தோபஸ்து. விடிந்ததிலிருந்து நின்று நின்று கால் வீங்கிப் போயிருந்தது.

"மேடம்... வேங்கிக்கால்லேர்ந்து அருணாதேவி பேசறேன். எங்க வீட்டுக்காரரை யாரோ மண்டையில அடிச்சுப் போட்டுட்டாங்க..."

"உயிர் இருக்கா?"

"இருக்குங்க. டாலர் போச்சு, டாலர் போச்சுனு பொலம்பிக்கினே இருக்காரு."

டிபன் பாக்ஸை மூடினாள். தயிர்சாதம் இன்றைக்கும் கொடுப்பினை இல்லை!

ஜீப் நகர்ந்தால்தானே? கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. ஹாரன் அடித்தால் 'அரோகரா' என்று பதில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

வேங்கிக்கால் வீட்டில், கலெக்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதும் முருகையன், தலையில் கட்டோடு சோபாவில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ரத்தம் தோய்ந்த குத்துவிளக்கு. பின்னால் பீரோ 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

"எவ்ளோ டாலர் சார்?"

"ஒண்ணு."

"ஒண்ணா? ஒரு டாலருக்கா மண்டையை ஒடச்சான்?"

"நோட்டு இல்ல மேடம். வெள்ளி. அந்தக் காலத்துல சீனா வியாபாரத்துக்குனு வெள்ளைக்காரன் பம்பாயில அடிச்ச காசு. இருபது வருஷமா தேடிப் புடிச்சேன்." செல்போனில் படத்தைக் காட்டினார்.

சூலம் பிடித்து நிற்கும் ஒரு பெண். அவளைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகச் சீன எழுத்துகள், ஆழமாகப் பதிந்து.

"என்ன சார், கண்டமேனிக்கு அடி வாங்கியிருக்கு?"

"அடி இல்ல மேடம், குத்து. வெள்ளி நல்ல வெள்ளிதானானு சீனா வியாபாரி சோதிச்சுப் பாப்பான். சரியா இருந்தா அவன் முத்திரையைக் குத்தி அனுப்புவான். எட்டு வியாபாரி, எட்டு குத்து. அதுக்குத்தான் மவுசே."

"யார் அடிச்சதுனு பாத்தீங்களா?"

"பின்னாடியிலேர்ந்து அடிச்சான். பாக்கணுமா என்ன? பீரோ சாவி எங்க இருக்கும்னு தெரிஞ்சது ரெண்டே பேர். அடி அண்ணாமலையில பழைய காசு விக்கற கடை வெச்சிருக்கிற என் சிநேகிதன் மாறன். அப்புறம் இதோ நிக்கறானே, என் மச்சான்."

வாசலில் வெறுங்காலோடு நின்ற இளைஞன் விருட்டென்று நிமிர்ந்தான். ராஜா. அருணாதேவியின் தம்பி.

"நான் காலையில மோர்ப்பந்தலுக்கு அண்டா எடுக்க வந்தேன் மேடம். வந்தா மாமா கீழ கெடந்தாரு. நான்தான் தூக்கி உக்கார வெச்சேன்."

"தூக்கி வெச்சவன் எடுத்துக்கினு போக மாட்டானா? எஃப்.ஐ.ஆர். போடுங்க மேடம்."

அருணாதேவி குறுக்கே பாய்ந்தாள். "என்னங்க, வாய் கூசலையா? அவன் போலீஸ் வேலைக்கு செலக்ட் ஆயிருக்கான். அடுத்த வாரம் வெரிஃபிகேஷன். இப்ப கேஸ் போட்டா அவன் வாழ்க்கையே போச்சு."

"என் டாலர் போச்சே, அதுக்கு யார் அழறது?"

சந்திரகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வேலைக்காக அவளே நாலு வருஷம் மைதானத்தில் ஓடியவள். கையெழுத்துப் போட அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் அந்தப் பையனுக்கு அதோடு எல்லாம் முடிந்தது. விடுவதற்கும் ஆதாரம் இல்லை, பிடிப்பதற்கும் இல்லை. சே!

அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தான் ஒருவன். நெற்றி நிறைய விபூதி.

"மாறா!" என்றார் முருகையன்.

"அண்ணே, விஷயம் கேள்விப்பட்டதும் ஓடியாந்தேன். மேடம், நான் உண்மையைச் சொல்லிடறேன். காலையில ராஜா கடைக்கு வந்தான். மாமா விக்கச் சொன்னாருனு இதைக் குடுத்தான். நம்பி வாங்கிட்டேன்." பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"பொய்யி!" ராஜா கத்தினான். "நான் கடைப் பக்கமே போகலை மேடம்..."

சந்திரகலா காசையும் செல்போன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சூலம் பிடித்த பெண். எட்டு குத்து. அச்சு அசல்.

முடிந்தது கதை. அருணாதேவி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். சந்திரகலா ரொம்பவும் சலிப்போடு பேனாவைத் திறந்தாள்.

"இருங்க மேடம்." முருகையன் காசைக் கையில் எடுத்தார். திருப்பினார். இன்னொரு முறை திருப்பினார். முகம் வெளுத்தது.

"இது என்னுது இல்ல."

"என்ன சார் விளையாடறீங்களா? படத்துல இருக்கிற மாதிரியே இருக்கு."

"முன்பக்கம் இருக்கு. பின்பக்கத்தைப் பாருங்க மேடம். சுத்தியலால குத்துனா சும்மா விடுமா? ஒரு பக்கம் குத்து விழுந்தா மறுபக்கம் அந்த எடம் மழுங்கிப் போவும். இது பின்னாடி புதுசு மாதிரி இருக்கு. இது வார்த்து எடுத்த காசு!"

சந்திரகலா பேனாவை மூடினாள்.

"இந்தப் படத்தை யாருக்கெல்லாம் அனுப்புனீங்க?"

"மாறனுக்கு மட்டுந்தான். காசை அவன் கையில குடுத்ததே இல்ல. முன்பக்கம் மட்டும் எடுத்து..." முருகையன் பாதியில் நிறுத்தினார்.

"ராஜா, நீ அந்தக் காசை நேர்ல பாத்திருக்கியா?"

"பாக்காம? வாரா வாரம் ரெண்டு பக்கமும் காட்டி லெக்சர் அடிப்பாரு மேடம். தூக்கமே வந்துடும்."

"அப்ப ரெண்டு பக்கமும் தெரிஞ்சவன் இப்படி அரைகுறையா செஞ்சிருக்க மாட்டான். ஒரு பக்கம் மட்டும் பாத்தவன் செஞ்சது." மாறன் பக்கம் திரும்பினாள். "இன்னொண்ணு. காலையில திருடுபோன காசுக்கு மதியத்துக்குள்ள டூப்ளிகேட் எப்படிய்யா வரும்? முன்னாடியே செஞ்சு வெச்சிருந்தாத்தானே?"

மாறனின் நெற்றி விபூதி வியர்வையில் குழைந்து மூக்கில் இறங்கியது.

"போலியைத் திருப்பிக் குடுத்து நல்லவன் ஆயிடலாம்... பழி இந்தப் பையன் தலையில... ஒரிஜினல் உன் கையில. அப்படித்தானே?"

"மேடம்... அண்ணன் தூங்கிட்டிருப்பாரு, மாத்தி வெச்சிட்டு வந்துடலாம்னுதான் போனேன். முழிச்சிட்டாரு. திரும்பிப் பாக்கறதுக்குள்ள வெளக்கால அடிச்சிட்டேன்."

"ஒரிஜினல் எங்க?"

"வீட்டுல. சாமி ரூம்ல."

அடி அண்ணாமலை. கடைக்குப் பின்னாலேயே மாறனின் வீடு. கூட்டத்தில் ஊர்ந்து ஒருவழியாக வந்து சேர்ந்த ஜீப்பில் முருகையன் தலைக்கட்டோடு தொற்றிக்கொண்டு வந்திருந்தார். அருணாதேவியும் ராஜாவும் கூட. மாறன் நேராகச் சாமி அலமாரியைத் திறந்தான்.

"மஞ்சத்துணியில முடிஞ்சு வெச்சேன் மேடம். வேண்டுதல் முடிச்சுனா வீட்டுல யாரும் தொட மாட்டாங்க. போலீஸே வந்தாலும் அவுக்க மாட்டாங்க..."

அலமாரியில் விளக்கு இருந்தது. கற்பூரம் இருந்தது.

மஞ்சள் முடிச்சு இல்லை!

"டேய்," முருகையன் பாய்ந்து சட்டையைப் பிடித்தார். "எங்கடா?"

வாசலில் கொலுசுச் சத்தம். கையில் அர்ச்சனைத் தட்டோடு நின்றாள் மாறனின் மனைவி தேவிப்ரியா. போலீஸைப் பார்த்து மிரண்டாள்.

"சாமி ரூம்ல இருந்த மஞ்சத்துணியைப் பாத்தியாம்மா?" என்றாள் சந்திரகலா.

"பாத்தேங்க." அவள் கண் கலங்கியது. "போன மாசம் எனக்கு ஆபரேஷன் ஆச்சு. இவரு ஒரு வார்த்தை கேக்கலைனு மனசுக்குள்ள திட்டிக்கினே இருந்தேன். இன்னிக்குப் பாத்தா புதுசா காசு முடிஞ்சு வெச்சிருக்காரு. எனக்காகத்தானே வேண்டிக்கிட்டிருக்காருனு அழுகையே வந்துடுச்சு. ஒடம்பு தேறிடுச்சுல்ல, பௌர்ணமியும் அதுவுமா எதுக்கு வெச்சிருக்கணும்னு..."

"வெச்சிருக்கணும்னு?"

"கோயில் உண்டியல்ல போட்டுட்டேங்க."

மாறன் தலையில் கையை வைத்துக்கொண்டான். முருகையன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், மனு எழுதறேன். உண்டியலைத் தெறக்கும்போது எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. சூலம் புடிச்ச அம்மா மேடம் அது. என் உசுரு மேடம்."

அருணாதேவி கணவனைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் சூடு பறந்தது.

"எழுதுவீங்க? சாமிக்குப் போனதைத் திருப்பிக் கேட்டு? காலையிலேர்ந்து என் தம்பியைத் திருடன் திருடன்னீங்களே, அவன் தப்பிச்சதுக்கு அதுவே காணிக்கை. மனுனு எங்கயாவது பேனாவைத் தொட்டுப் பாருங்க."

முருகையன் ராஜாவைப் பார்த்தார்.

"மச்சான்... மன்னிச்சுக்கோடா."

"விடுங்க மாமா," என்றான் ராஜா. "வேலையில சேந்ததும் உண்டியல் எண்றப்ப பந்தோபஸ்து டியூட்டி கேட்டு வாங்கறேன். தூரத்துலேர்ந்து ஒரு தடவை பாத்துட்டு வந்து சொல்றேன்."

"எட்டு குத்துடா..." என்று விசும்பினார் முருகையன். "எட்டு வியாபாரி குத்தின காசுடா அது..."

சந்திரகலா மாறனை ஜீப்பில் ஏற்றிவிட்டு, அதிலேயே கிடந்து புளித்துப்போன டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"ஒம்பதாவது குத்தை அண்ணாமலையார் குத்திட்டாரு சார். காசு மேல இல்ல... உங்க மேல!"