எதிர்க்கரைக் கொடி

மலைமேல் இருந்த மரவெட்டிகளின் குடிசைக்கு நாங்கள் மூவரும் விடிந்ததுமே வந்துவிட்டோம். எங்கள் செரெமோஷ் பள்ளத்தாக்கைப் பேரரசுக்காக வரைபடமாக்க வந்த கிராவுஸ் துரை, அவருடைய வரைபலகையைச் சுமக்கும் நான், கொடி பிடிக்கும் என் மச்சினன் ஓலெக்சா. அவன் எதிர்க்கரைக் காட்டில் கொடிக்கம்போடு நிற்க வேண்டும். துரை இங்கிருந்து குறிபார்த்து வரைவார். அவர் ஒரு கையைத் தூக்கினால் அவன் இடம் மாற வேண்டும். இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக வைத்தால் வேலை முடிந்தது, கொடியை இறக்கலாம்.

ஆற்றில் வெள்ளம் சுழித்து ஓடியது. அவனை அனுப்ப எனக்கு மனசே இல்லை.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க மாமா," என்று ஓலெக்சா சிரித்தான். "வேலை முடிஞ்சதும் நேரா உங்க வீட்டுக்குத்தான். அக்காவைக் களி கிண்டி வைக்கச் சொல்லுங்க."

கொடிக்கம்போடு ஆற்றைக் கடக்க இறங்கிப் போனான். மதியத்துக்கு முன்பே எதிர்மலையில் வெள்ளைக் கொடி எழுந்தது. அப்பாடா என்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் தெப்பம் ஓட்டுகிறவர்கள் இருவர் நனைந்த உடையோடு மேலேறி வந்தார்கள்.

"உன் மச்சினனைக் கரையில கெடத்தியிருக்கோம்ப்பா. காலையிலேயே ஆறு கொண்டுபோயிடுச்சு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

கொடி நின்றுகொண்டிருந்தது.

துரையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் மெல்ல ஒரு கையைத் தூக்கினார்.

கொடி நகர்ந்தது. ஆள் ஏற முடியாத செங்குத்துப் பாறையின் உச்சியில் போய் நின்றது. துரை குனிந்து வரைந்தார்.

"போதும் தொரை. கையக் குறுக்கா வைங்க. அவன் எறங்கட்டும்."

"இன்னும் கொஞ்சம் பாக்கி," என்று முணுமுணுத்தார். "இவ்வளவு சுத்தமா எவனும் நின்னதில்லடா."

அந்த ஆளை அன்று வெறுத்தேன். படம் முடிந்ததும் தாளைச் சுருட்டிக்கொண்டு, கைகளைக் குறுக்காக வைக்காமல், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் குதிரையேறிப் போய்விட்டார்.

மச்சினனைப் புதைத்தோம். அதற்குப் பிறகும் கொடி இறங்கவில்லை. மழையிலும் நின்றது, மூடுபனியிலும் நின்றது. என்னால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. வீட்டுக்கும் ஆற்றுக்குமாக அலைந்தேன். ஒரு சாயங்காலம் பொறுக்க மாட்டாமல் மலையேறி, கைகளைத் தலைக்குமேல் குறுக்காக வைத்தேன்.

கொடி மெல்ல இறங்கியது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாரம் இறங்கியதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி பரஸ்கா முற்றத்தில் ஆடு கறந்துகொண்டிருந்தாள்.

"களி கிண்டியிருக்கேன். தம்பி பேருக்கும் ஒரு தட்டு வெச்சேன்."

"நல்லதும்மா," என்றேன். அப்போதுதான் அவன் சொல்லிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது.

"பரஸ்கா, உள்ள யாரு?"

"யாரும் இல்லையே."

உள்ளே கரண்டி தட்டைச் சுரண்டும் சத்தம் கேட்டது. வெகுநாள் பசித்தவன் சாப்பிடுவதுபோல, அவசர அவசரமாக.