சுவிட்ச் பக்கம் நின்ற ஆள்

காலை ஆறே கால்.

தையல்காரம்மா காபித் தம்ளரோடு வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டின் தகரக் கதவை முழங்கையால் தள்ளினார். வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு மூன்று நாளாக அங்கேதான் படுக்கை. அவர் பஸ் டிப்போவில் பழுது பார்க்கிற பிட்டர். வேலை முடிந்து வந்தால் வீட்டு வேலைகளுக்கென்று ஒரு வெல்டிங் மெஷின் வைத்திருந்தார். இன்றைக்காவது சமாதானம் பண்ணிவிடலாம் என்று அந்த அம்மா சர்க்கரையைக்கூடத் தூக்கலாகப் போட்டிருந்தார்.

பிட்டர் குப்புறக் கிடந்தார். அவருக்கு அடியில் பாதி முடிந்த ஜன்னல் கம்பிச் சட்டம். கையில் கையுறை, முகத்தில் ஷீல்டு. வெல்டிங் குச்சி மாட்டும் கைப்பிடி அவர் மார்புக்கும் இரும்புக்கும் நடுவில் சிக்கியிருந்தது. முந்தின நாள் மழைக்குக் கூரை ஒழுகி, தரை இன்னும் ஈரமாகவே இருந்தது.

அலறல் கேட்டு மாடியிலிருந்து முதலில் ஓடிவந்தவர் பிட்டரின் தம்பி, வயர்மேன். அவர் சுவரைப் பார்த்துவிட்டு அண்ணனைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். பிறகு அண்ணியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து, "யாரும் உள்ளே போகாதீங்க. எதையும் தொடாதீங்க" என்றார்.

ஏழரைக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்து சேர்ந்தபோது, ஏட்டு கேஸையே முடித்து வைத்திருந்தார். அவர் எதையும் சீக்கிரம் முடிப்பவர், சாப்பாடு உட்பட.

"தம்பிக்காரன்தான் மேடம். ஷெட்டுக்கு ஒயரிங் பண்ணினதே அவன்தான். அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. போன வாரம் நடுத்தெருவுல நின்னு, 'அந்த மெஷினே உன்னை ஒரு நாள் கொல்லும் பாரு'ன்னு கத்தியிருக்கான். தெருவே சாட்சி."

"அவர் என்ன சொல்றார்?"

"கேட்டதும் 'ஆமா'ன்னுட்டான். ஜீப்புல ஏத்தியாச்சு."

கேட்டதும் ஆமாம் என்கிறவர்களைக் கண்டால் இன்ஸ்பெக்டருக்கு எப்போதுமே ஒரு எரிச்சல். அவர் ஷெட்டுக்குள் போய் நின்று பார்த்தார். கைப்பிடியின் மேலுறை உடைந்து, உள்ளே இருந்த பித்தளை பல்லிளித்தது. கையுறையின் உள்ளங்கையில் ஓட்டை. வெல்டிங் செய்யும்போது ஷாக் அடிக்காமல் இருக்கக் காலடியில் போட்டுக்கொள்ளும் காய்ந்த பலகை இருந்தது. ஆனால் காலடியில் இல்லை, கம்பிச் சட்டம் ஆடாமல் இருக்க அதற்கு முட்டுக் கொடுத்திருந்தது. சுவரில் மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது.

"இதை யார் அணைச்சது? நீங்களா?"

"நான் தொடலை மேடம். வீட்டு ஆளுங்க அணைச்சிருப்பாங்க."

இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள் போனார். தையல்காரம்மா மெஷினுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்து, புருஷனுக்குக் கடைசியாகப் போட்டு அனுப்ப ஒரு வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அழுது அழுது கண் செக்கச்செவேலென்று இருந்தது. அப்படியும் நூலை ஒரே தடவையில் ஊசியில் கோத்தார்.

"சுவிட்சை நீங்க அணைச்சீங்களாம்மா?"

"நான் உள்ளேயே போகலையேம்மா. கதவுகிட்டயே உட்கார்ந்துட்டேன். கொழுந்தனார்தான் உள்ளே போனார், அவரும் சுவரைப் பார்த்தாரே தவிர சுவிட்சைத் தொடலை."

"உங்க வீட்டுக்காரர் வேலையில கவனக்குறைவா?"

அந்த அம்மாவுக்கு அந்த நிலைமையிலும் ரோஷம் வந்தது. "அவரா? தனியா ஒரு நாள்கூட வெல்டிங் பத்த வைக்க மாட்டார். சுவிட்ச் பக்கம் ஒரு ஆள் நிக்கணும். ஷாக் அடிச்சா ஓடிவந்து தொடக் கூடாது, முதல்ல சுவிட்சை அணைக்கணும். நெருப்பை நேரா பாக்கக் கூடாது, மூஞ்சியைச் சுவர் பக்கம் திருப்பிக்கணும். இப்படி ஆயிரம் சட்டம் பேசுவார். முன்னாடி கொழுந்தனார் நிப்பார். சண்டைக்கு அப்புறம் நான்தான்."

"நேத்து?"

"நேத்து நான் துணி கொடுக்கப் போயிட்டேன். மழையில மாட்டிக்கிட்டு, திரும்பி வர ஒம்போதாயிடுச்சு. ஷெட்டு இருட்டா இருந்துச்சு. கோபத்துல படுத்துட்டார்னு நெனச்சேன்."

"என்ன கோபம்?"

"பாப்பாவுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. இன்னைக்குக் காலையில ட்ரெயின். அவர் போகவே கூடாதுன்னுட்டார். இன்டர்வியூவுக்கே ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சுதான் போய்ட்டு வந்தா. அதான் அந்த ஜன்னலுக்குக் கம்பி."

பாப்பா என்பது மகள். இருபத்திரண்டு வயசாகியும் வீட்டில் அதுதான் பெயர். இன்ஸ்பெக்டர் அவளைப் பார்க்க வேண்டும் என்றதும் தாயே கூட்டிப் போனார்.

அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தொங்கவிட்டிருந்தது. பாப்பா சுவரைப் பார்த்து, முகத்தில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தாள். துண்டை எடுத்தபோது இமை இரண்டும் வீங்கி, கண்ணிலிருந்து நீர் நிற்காமல் வழிந்தது. இடது கன்னமும் கழுத்தும் மட்டும் வெயிலில் காய்ந்ததுபோல் சிவந்திருந்தன. கட்டிலுக்கடியில் ஒரு தட்டில், வட்ட வட்டமாக நறுக்கிய பச்சை உருளைக்கிழங்கு.

தாயும் அந்தத் தட்டை அப்போதுதான் பார்த்தார். சட்டென்று காலால் அதை உள்ளே தள்ளினார். "பொரிக்கலாம்னு நான்தான் நறுக்கி வெச்சேன்" என்றார், யாரும் கேட்காமலேயே.

"நேத்து சாயங்காலம் எங்கே இருந்தே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இங்கேதான். ரூம்ல."

"அப்பா கூப்பிட்டாரா?"

"இல்லை."

வெளியே வந்ததும் ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "அப்பன் கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பார் போல மேடம். பாவம், அழுது அழுது கண்ணே திறக்க முடியலை."

இன்ஸ்பெக்டர் திரும்பி, போர்வை மூடியிருந்த அந்த ஜன்னலைப் பார்த்தார்.

மதியம் பிரேதப் பரிசோதனை டாக்டர் போன் செய்தார். சாவு நேற்று இரவு ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில். மார்பில் பட்ட காயம் எலும்பு வரைக்கும் கரிந்திருக்கிறது. "மின்சாரம் ரொம்ப நேரம் பாஞ்சிருக்கு மேடம். பட்டதுமே அணைச்சிருந்தா ஆள் பிழைக்கக்கூட வாய்ப்பு இருந்தது."

இன்ஸ்பெக்டர் லாக்கப்புக்குப் போனார். வயர்மேன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எப்படிக் கொன்னீங்க?"

"எர்த் ஒயரைக் கழட்டி விட்டேன்."

"எர்த் ஒயர் அப்படியே இருக்கு. நானே பார்த்தேன்."

"அப்போ திரும்ப மாட்டியிருப்பேன்."

"எப்போ?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

"அண்ணனைத் திட்டினீங்களாமே, மெஷின் கொல்லும்னு."

"கைப்பிடி உடைஞ்சிருக்கு, மாத்துன்னு நூறு தடவை சொன்னேன். நான் சொன்னா எதுக்குக் கேக்கணும்னு வீம்பு. மத்தவங்களுக்குச் சட்டம் சொல்றதுல அவ்வளவு கறார். என்னோட பேச மாட்டேன்னா, நான் சொன்ன கைப்பிடியையும் மாத்த மாட்டார்." சொல்லிவிட்டுப் பேனாவுக்காகக் கையை நீட்டினார். "நான்தான் கொன்னேன்னு எழுதிக்கோங்க மேடம். கையெழுத்துப் போடறேன்."

அந்த மனிதர் கொலைகாரர் இல்லை என்பது ஏட்டுக்கேகூட அப்போது புரிந்தது.

மாலை நாலு மணி. இன்ஸ்பெக்டர் மறுபடியும் பாப்பாவின் அறையில் நின்றார். ஜன்னலில் தொங்கிய போர்வையின் ஒரு ஓரத்தைத் தூக்கினார். ஒரு கோடு வெயில் உள்ளே விழுந்தது. பாப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுருண்டாள்.

"மூடிடுங்க மேடம். கண்ணுல மண்ணைக் கொட்டினாப்ல இருக்கு."

இன்ஸ்பெக்டர் மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். ஜெயித்த முகம் இல்லை அது. இப்படி ஒரு வேலைக்கு ஏன் வந்தோம் என்று அவருக்கு இருந்தது.

"ஷாக் அடிச்சுச் செத்தவர் எழுந்து போய் சுவிட்சை அணைக்க மாட்டார். காலையில வந்தவங்க யாரும் தொடலை. அப்போ நேத்தே யாரோ அணைச்சிருக்காங்க. தனியா பத்த வைக்காத மனுஷன்னு உங்கம்மாவே சொன்னாங்க. ஆக, சுவிட்ச் பக்கம் ஒரு ஆள் நின்னிருக்கு. உன் சித்தப்பா காலையில சுவரைப் பார்த்ததுமே இதைப் புரிஞ்சுக்கிட்டார். அதான் எதைக் கேட்டாலும் ஆமாங்கறார்."

"நான்தான் நின்னேன்" என்றார் தையல்காரம்மா, கதவடியிலிருந்து. "துணி கொடுக்கப் போனேன்னு சொன்னது பொய். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"நீங்க காலையில ஒரே தடவையில ஊசி கோத்தீங்கம்மா. உங்க கண்ணு அழுத கண்ணு. இவ கண்ணு வெல்டிங் நெருப்பைப் பார்த்த கண்ணு. பார்க்கும்போது ஒண்ணும் தெரியாது, விடியக்காலைல ஆரம்பிக்கும். எங்க குவார்ட்டர்ஸ் கேட்டுக்குப் பத்த வைக்கும்போது வேடிக்கை பார்த்துட்டு நானே ஒரு ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கேன். கண்ணுல உருளைக்கிழங்கை வெச்சுக்கிட்டுதான் படுத்தேன். நீங்களும் உங்க கொழுந்தனாரும் பழகினவங்க, மூஞ்சியைத் திருப்பிக்குவீங்க. முதல் தடவையா நிக்கறவங்கதான் பார்ப்பாங்க. இவ கன்னத்துல இருக்கிறது அறை இல்லை, அந்த நெருப்போட சூடு. சாவு வீட்டுல எல்லாருக்கும் கண்ணு சிவந்திருக்கும்கறதால யாரும் இதைக் கவனிக்கலை."

தாய் மகளைப் பார்த்தார். "பேசாதடி" என்றார்.

பாப்பா பேசினாள். குரல் தட்டையாக இருந்தது.

"அம்மா வெளியே போனதும் கூப்பிட்டார். நில்லுன்னார். இன்னைக்கே முடிக்கணும், நாளைக்கு நீ எப்படிப் போறேன்னு பாக்கறேன்னார். மூஞ்சியைத் திருப்பிக்கோன்னும் சொன்னார். நான் திருப்பிக்கலை. என் ஜன்னலுக்கு வைக்கிற கம்பி. ஒவ்வொண்ணா ஒட்டறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன்."

"அப்புறம்?"

"குனிஞ்சு கம்பியைத் திருப்பினார். கால் வழுக்கி கைப்பிடி மேலேயே விழுந்தார். உடம்பு உதறுச்சு. சுவிட்ச் என் தோளுக்கு நேரா இருந்துச்சு மேடம். கையைத் தூக்கினா போதும்."

"ஏன் தூக்கலை?"

பாப்பா ஈரத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலையில ட்ரெயினைப் பிடிச்சிடலாம்னு ஒரு நினைப்பு வந்துச்சு. அந்த நினைப்பு முடியட்டும்னு நின்னேன். முடிஞ்சதும் அணைச்சேன். 'அப்பா'ன்னு கூப்பிட்டேன். எழுந்திருக்கலை. ரூமுக்கு வந்து பையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். காலையில கண்ணைத் திறக்கவே முடியலை, அதான் போகலை. இல்லைன்னா போயிருப்பேன்."

தையல்காரம்மா அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. ஒரே ராத்திரியில் இரண்டு பேரையும் இழந்தாயிற்று என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"சட்டத்துல இதுக்கு என்ன பேர்னு எனக்கே சரியாத் தெரியலை" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா உங்க கொழுந்தனார் பேர்ல இதை எழுத முடியாதும்மா."

பாப்பாவின் கையைப் பிடித்து, படி இருக்கிற இடத்தில் படி என்று சொல்லி, ஜீப் வரைக்கும் கூட்டிப் போனார். வழியில் கண் ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டுக் கட்டினார்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பாப்பா தலையாட்டினாள்.

ஸ்டேஷனில் வயர்மேனை வெளியே விட்டார்கள். அவர் இருந்த அறைக்குப் பக்கத்து அறையில்தான் அண்ணன் மகளைக் கண் கட்டோடு உட்கார வைத்திருந்தார்கள்.

"நான் தனிக்கட்டை மேடம்" என்றார் அவர். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. "எனக்குப் பின்னால யாரும் கிடையாது. ஒரு ஆளோட முடிஞ்சிருக்கும். இப்போ யாருக்கு என்ன மிச்சம்?"

"உங்களை வெளியே விட்டிருக்கேன்."

"எங்கே போறதுக்கு?"

இன்ஸ்பெக்டர் வயர்மேனின் செல்போனையும் பர்சையும் மேஜைமேல் எடுத்து வைத்தார். உண்மையைக் கண்டுபிடித்த அன்று அவர் முன்னால் இப்படி ஒரு கேள்வி வந்து நிற்பது முதல் தடவை இல்லை. ஆனாலும் பழகவில்லை.

வயர்மேன் வாசல் வரைக்கும் போனார். செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து ஏட்டின் மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்னப்பா, போகலையா?" என்றார் ஏட்டு.

"பாப்பாவுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டைத் தூக்கிக் கண்ணுல சொட்டு மருந்து விடணுமாமே. அவளால பார்த்து விட்டுக்க முடியாது. நான் இருந்து விட்டுட்டுப் போறேன்."