வழி சொன்ன நெப்டியூன்

மூன்று பிள்ளைகள் இருந்த அந்த வீட்டில் கடைசியாகப் பிறந்தவளைக் கடைக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிப் பதிவேட்டில் அழகான பெயர் ஒன்று இருந்தது. அதை யார் சீண்டினார்கள்? குளிக்கப் போவதில் கடைசி, சாப்பாட்டுத் தட்டு வருவதில் கடைசி. அண்ணனுக்குச் சின்னதாகிப்போன சைக்கிள்கூட ஊர் சுற்றி முடித்துக் கடைசியில்தான் அவளிடம் வந்தது. அதனால் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்காகக் கோள்களுக்குச் சீட்டுக் குலுக்கியபோது அவளுக்கு நெப்டியூன் விழுந்ததில் வீட்டில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

நெப்டியூனாக இருப்பதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அறிவியல் டீச்சரின் கணக்கால் வந்தது.

மற்ற பள்ளிகளில் எட்டுக் கோள்களையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்துவிடுவார்கள். டீச்சருக்கு அது அடியோடு பிடிக்காது. "இப்படி ஒட்டி ஒட்டி வச்சா அது சூரியக் குடும்பமா, கல்யாண போட்டோவா?" என்று கேட்பார். இந்த வருடக் கண்காட்சியில் எல்லாம் சரியான அளவில், சரியான தூரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பள்ளி வாசல் தூணின் மேல் ஆரஞ்சு வண்ணம் பூசிய ஒரு கால்பந்து. அதுதான் சூரியன். அந்த அளவுக்குப் பூமி ஒரு கடுகு. அது இருபத்து நாலு மீட்டர் தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தது. வியாழன் ஒரு கோலிக்குண்டு, நூற்று இருபத்து மூன்று மீட்டர் தள்ளி. அதற்குக் காவல் கடைக்குட்டியின் அண்ணன். நெப்டியூன் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான ஒரு நீல மணி. தூரம் எழுநூற்றுப் பத்து மீட்டர். டீச்சர் அளவு நாடாவை இழுத்துக்கொண்டே போனார், போனார், தெரு முடிந்து பஸ் நிறுத்தமே வந்துவிட்டது. அங்கிருந்த தையல் கடை வாசலில் கடைக்குட்டிக்கு ஸ்டூல் போட்டார்கள்.

ஒவ்வொரு கோளுக்கும் ஒரு நோட்டு உண்டு. விளக்கம் கேட்டவர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டான். "அழைப்பிதழ்ல சூரியன்லருந்து ஆரம்பிக்கணும்னு போட்டிருக்கு. வியாழனைத் தாண்டி எவன் வருவான்? உன் நோட்டு காலியாத்தான் இருக்கும்."

அவள் பத்து நாள் கண் எரியப் படித்திருந்தாள். கேட்க ஆள் இல்லையென்றால் அத்தனையும் வீண்.

கண்காட்சி அன்று காலை பத்து மணிக்கு முதல் பஸ் வந்தது. பெற்றோர்கள் கூட்டமாக இறங்கினார்கள். கடைக்குட்டி எழுந்து நின்று தலையைச் சரிசெய்துகொண்டாள்.

"பாப்பா, ஸ்கூல் எங்க இருக்கு?"

பள்ளி இந்த வருடம்தான் புதுக் கட்டிடத்துக்கு மாறியிருந்தது. யாருக்கும் வழி தெரியவில்லை. அவள் கை நீட்டி, நேராகப் போகச் சொன்னாள். அவர்களும் நேராகப் போனார்கள். அடுத்த பஸ்ஸிலும் அதே கதை. பதினொரு மணிக்குள் முப்பது பேர் வழி கேட்டுவிட்டார்கள். நீல மணியை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இல்லை, ஒருவர் பார்த்தார். தையல்காரர். ஒரு வாடிக்கையாளரின் சட்டைக்குப் பொத்தான் குறைந்தது. அவர் சாவகாசமாகக் கையை நீட்டி ஸ்டூலிலிருந்த நெப்டியூனை எடுத்து, ஊசியில் நூலும் கோர்த்துவிட்டார்.

"மாமா, அது கோள்!" என்று கத்தினாள் கடைக்குட்டி.

"அப்படியா? எங்க குத்தினாலும் ஓட்டையைக் காணோமேன்னு பார்த்தேன்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்த நேரம் பார்த்து யுரேனஸ் நடந்து வந்தது. அதாவது, யுரேனஸைக் காவல் காக்க வேண்டிய ஐந்தாம் வகுப்புப் பையன். தன்னையும் யாரும் கண்டுகொள்ளவில்லை, பசிக்கிறது, வீட்டுக்குப் போகிறேன் என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நீ போயிட்டா சனிக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்காதே. வெறும் காலி இடமா இருக்கும்" என்றாள் அவள்.

"இப்பவும் அப்படித்தானே இருக்கு" என்றான் அவன். அவள் தன் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை அவனிடம் முழுசாகக் கொடுத்து, இன்னும் அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். ஆள் அனுப்புவதாக வேறு வாக்குக் கொடுத்துவிட்டாள். யாரை அனுப்புவது என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த பஸ்ஸிலிருந்து ஓர் அம்மா இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக இறங்கினார். வெயிலில் முகம் வாடியிருந்தது. "ஸ்கூல் இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டார்.

நேராகப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். காலையிலிருந்து எல்லாரும் தன்னிடம் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்டதற்குச் சொல்கிற பதிலில்தானே எல்லாம் இருக்கிறது?

"நானூத்தம்பது கோடி கிலோமீட்டர்க்கா" என்றாள்.

அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டார். "நடந்தேவா?"

"நடக்கலாம்க்கா. சூரிய வெளிச்சத்துக்கே இங்க வர நாலு மணி நேரத்துக்கு மேல ஆகுது. நீங்க பத்து நிமிஷத்துல போயிடுவீங்க. ஒவ்வொரு அடிக்கும் நாற்பது லட்சம் கிலோமீட்டர் தாண்டுவீங்க."

அவர் சிரித்த சிரிப்பில் இடுப்பிலிருந்த குழந்தையும் குலுங்கியது. கடைக்குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். பிறகு வழி சொன்னாள்.

"இப்ப நீங்க நெப்டியூன்ல இறங்கியிருக்கீங்க. இங்க ஒரு வருஷம்னா நம்ம ஊருக்கு நூத்தி அறுபத்தஞ்சு வருஷம். யாருக்கும் முதல் பிறந்தநாளே வராது. நேரா போனா யுரேனஸ். அது படுத்துக்கிட்டே சுத்தும். அங்க ஒரு பையன் தனியா இருக்கான், கண்டிப்பா நின்னு பேசுங்க. அப்புறம் சனி. அடுத்து வியாழன். அங்க இருக்கிற பெரிய சிவப்புப் புயலைப் பத்தி என் அண்ணன்கிட்ட விடாம கேளுங்க. கடைசியில ஒரு கடுகு தெரியும். அதுலதான் நாம எல்லாரும் இருக்கோம்."

கூட இறங்கிய ஏழெட்டுப் பேரும் போகாமல் நின்று கேட்டார்கள். நோட்டில் முதல் கையெழுத்து விழுந்தது.

அதற்குப் பிறகு பஸ் வரவர அங்கே கூட்டம் சேர்ந்தது. சட்டை வாங்க வந்தவர்கள் சட்டையை மறந்தார்கள். தையல்காரர் வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். கடந்துபோன கண்டக்டர் எட்டிப் பார்த்து, என்ன கூட்டம் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

சூரியனடியில் டீச்சர் ஆளைக் காணாமல் தவித்துப்போனார். வருகிறவர்கள் எல்லாரும் யுரேனஸில் நின்று, சனியில் நின்று, ஆமை வேகத்தில் வருவது அவருக்கு எப்படித் தெரியும்? செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நெப்டியூனை அடைந்தபோது மூச்சு வாங்கியது.

"சூரியன்லருந்துதானே ஆரம்பிக்கச் சொன்னேன்?"

"ஆமா டீச்சர். ஆனா எல்லாரும் இங்கதானே இறங்குறாங்க" என்றாள் கடைக்குட்டி.

டீச்சர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். தான் வந்த நேர்த்தெருவைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தெருவின் மறுகோடியில், தூண் மேல், அவருடைய கால்பந்து ஊசிமுனைப் பொட்டாகத் தெரிந்தது.

"நெப்டியூன்லருந்து பார்த்தா சூரியன் ஒரு புள்ளிதான்னு பதினஞ்சு வருஷமா போர்டுல எழுதிப் போடறேன்" என்றார் மெதுவாக. "நானே இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

கோபத்தோடு வந்தவர் அதை மறந்தே போனார். செருப்பைக் கீழே போட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்று, தன் முறை வந்ததும் நோட்டில் கையெழுத்துப் போட்டார். அது நாற்பத்தேழாவது கையெழுத்து.

அதற்குள் அடுத்த பஸ் வந்து நின்றது. படியில் தொங்கியபடி அதே கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினார்:

"நெப்டியூன் எல்லாம் இறங்குங்க!"