சிவந்து போன வெள்ளிச் சரம்

உதவி கேட்டு எவர் வீட்டுப் படியும் ஏறியவர் அல்ல பொன்னுசாமி. மத்தூர்ப் பக்கம் நாலு ஊர் வழக்கைத் தீர்த்துவைத்த குடும்பம் அது. அப்படிப்பட்டவர் ஒரு மரப்பெட்டியோடு ஓசூர் பாகலூர் சாலையில், பேக்கரி மாடியில் இருந்த ரத்தினவேலின் துப்பறியும் அலுவலகத்துக்குள் வந்து நின்றார்.

“போலீசுக்குப் போனா ஊரே சிரிக்கும். அதான் இங்க வந்தேன்,” என்றார், உட்காராமலே.

பெட்டியைத் திறந்தார். உள்ளே இலை இலையாகத் தட்டிக் கோத்த ஒரு வெள்ளிக் கழுத்துச் சரம். வெள்ளி என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. முழுவதும் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. பக்கத்தில் ஒரு பஞ்சுப் பையில் முத்துகள்.

ரத்தினவேலின் உதவியாளர் வினோதா எட்டிப் பார்த்தாள். “ஐயோ, என்னங்க இது கோலம்?”

பொன்னுசாமி சுருக்கமாகச் சொன்னார். மருமகள் சுவாதியும் மகள் தர்ஷினியும் நகைக் கலைஞர்கள். வீட்டு மாடியில் இருவருக்கும் ஒரே பட்டறை. சுவாதிக்கு வெள்ளியும் முத்தும். தர்ஷினிக்கு லேத் பட்டறைகளில் கழியும் இரும்புச் சுருள். பெங்களூர்க் கண்காட்சிக்கு இருவர் வேலையும் தேர்வாகியிருந்தது. சுவாதியின் முத்துக் கோத்த சரம் நேற்று மாலைதான் முடிந்து சாமி முன்னால் வைக்கப்பட்டது. காலையில் பார்த்தால், வெள்ளியைச் சுத்தம் செய்யும் ஆசிட் தட்டில் இந்தக் கோலத்தில் கிடந்தது. முத்துகள் மட்டும் தனியே கழற்றி, இந்தப் பஞ்சுப் பையில் மேசைமேல் இருந்தன.

“இனி ஒண்ணும் பண்ண முடியாது, நாசமாப் போச்சுன்னு சுவாதி அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கெடக்குது.”

“யார் மேல சந்தேகம்?” என்றார் ரத்தினவேல்.

“சந்தேகமே இல்லீங்க. எம் மவதான்.”

“சொந்த மகளையா சொல்றீங்க?” வினோதாவுக்குப் பொறுக்கவில்லை.

“வீணாப் போன இரும்புல நகை பண்றவளுக்கு, முத்தும் வெள்ளியும் பாத்தா வயிறு எரியாதா? வாழ வந்த பொண்ணு எங்க வீட்ல கண்ணீர் விடக் கூடாதுங்க. செஞ்சவ யாரா இருந்தாலும் அந்தப் பட்டறையில இனி கால் வெக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அவ இல்லவே இல்லைன்னு சாதிக்கறா. பொய்யின்னு நீங்க காட்டுங்க, போதும்.”

பொன்னுசாமி வீட்டுக்குக் காரில் போகும்போது வினோதா ரத்தினவேலின் காதருகே சொன்னாள்: “சார், முத்தைத் திருட வந்தவன் யாரோ பயந்து ஓடியிருப்பான்.”

“ஓடறவன் பஞ்சுப் பையில போட்டு வெச்சுட்டா ஓடுவான்?” என்றார் அவர்.

பட்டறையில் ஆசிட் தட்டின் அடியில் ஓர் இரும்புக் கம்பி கிடந்தது. தட்டுக்கு மேலே ஆணியில் ஒரு செம்பு இடுக்கி தொங்கியது. ரத்தினவேல் இரண்டையும் பார்த்துவிட்டு, காலையிலிருந்து மாடிக்கே விடப்படாத தர்ஷினியை அழைத்துச் சரத்தைக் கையில் கொடுத்தார்.

அவள் அதை வெளிச்சத்தில் திருப்பினாள். “அட, மேல படிஞ்சிருக்கறது வெறும் செம்புங்க! பழைய ஆசிட்ல செம்பு கரைஞ்சிருக்கும். அதுல இரும்பு பட்டா வெள்ளி மேல வந்து ஒட்டிக்கும். மெடிக்கல் ஷாப்புல பெராக்சைடு வாங்கி, புது ஆசிட்ல கலந்து முக்கி வெச்சா கொஞ்ச நேரத்துல போயிடும்.”

“உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?”

“அண்ணிதான். இரும்பு இடுக்கிய இந்தத் தட்டுல விடாதேன்னு மொதப் பாடமே அதான்.”

“கேட்டீங்களா? தெரிஞ்சுதான் பண்ணியிருக்கா!” என்றார் பொன்னுசாமி.

அந்நேரம் வினோதா கைபேசியோடு ஓடிவந்தாள். “சார், கண்காட்சிக்காரங்ககிட்ட பேசிட்டேன். நடு மேசை தர்ஷினியோட இரும்பு மாலைக்குத்தானாம். சுவாதியோட சரம் ஓரச் சுவர்லயாம். நேத்து மத்தியானமே சுவாதிகிட்ட ஃபோன்ல சொல்லிட்டாங்களாம்.”

“நடுவுலயா? எனக்கு யாரும் சொல்லலியே!” என்றாள் தர்ஷினி.

ரத்தினவேல் சுவாதியையும் வரவழைத்துவிட்டு, பொன்னுசாமியிடம் சொன்னார்:

“ஐயா, ஆசிட் பட்டா முத்து அரிச்சுப் போயிடும், அதுக்கு மருந்தே கிடையாது. கெடுக்க நினைச்சவங்க முத்தோட சேர்த்துப் போட்டிருப்பாங்க. இதைச் செஞ்சவங்க நூலை அறுத்து, முத்தைப் பத்திரப்படுத்திட்டு, கழுவினா போற கறையா பார்த்து ஏத்தியிருக்காங்க. அப்ப வேலை தெரிஞ்ச கை. இந்த வீட்ல அது ரெண்டு பேர்தான்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்,” என்றார் பொன்னுசாமி.

“தர்ஷினி பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? சுவாதி பார்த்த உடனே சிரிச்சுட்டு, காபி ஆறுறதுக்குள்ள கழுவி எடுத்திருப்பாங்க. கத்துக் கொடுத்தவங்களே அவங்கதான். சுவாதி வாயை மூடிட்டு அழுதாத்தான் இது நாசம். அவங்க அழுவாங்கன்னு முன்கூட்டியே யாருக்குத் தெரியும், சுவாதியைத் தவிர?”

பொன்னுசாமி மருமகளைப் பார்த்தார்.

“ஆமா மாமா, நான்தான். இடுக்கி புடிக்கக்கூட நான்தான் அவளுக்குக் காட்டினேன். நான் மாசக் கணக்கா உக்காந்து இழைக்கறேன். அவ குப்பையில இருந்து ஒரு சுருள எடுத்து வளைச்சா, ஊரே அதைத்தான் பாக்குது. அவ பக்கத்துல உக்காரவே முடியல. நீங்க அவளை வெளிய அனுப்பிடுவீங்கன்னு நினைச்சேன். நான் போயிடறேன்.”

செய்தவள் இனி பட்டறையில் கால் வைக்கக் கூடாது என்று சொன்னவர் பொன்னுசாமி. மருமகளை வெளியேற்றினால் வீட்டின் மானம் போகும். வெளியேற்றாவிட்டால் அவர் வாக்கு போகும். பதில் தேடி மகள் பக்கம் திரும்பினார்.

“அண்ணி எங்கயும் போக வேணாம்,” என்றாள் தர்ஷினி. “நான் போறேன். ஜூஜுவாடியில சுருள் எடுக்கற லேத் பட்டறையில ஒரு மூலை தர்றேன்னு ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க.”

“நீதான் செய்யலியே! நீ எதுக்குப் போகணும்?”

“செஞ்சியான்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா இருந்திருப்பேன்ப்பா. பொய்யின்னு காட்ட ஆள் கூட்டிட்டு வந்தீங்க.”

அவள் தன் வேலை மேசையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. வினோதா முன்னே வந்தாள். ரத்தினவேல் அவள் கையைத் தொட்டு நிறுத்தினார்.

பொன்னுசாமி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தியிராத மனிதர் மறுமுனையைப் பிடித்தார்.

“பாத்து இறங்குங்கப்பா, படி செங்குத்து,” என்றாள் தர்ஷினி.

குறுகிய படிக்கட்டில் அவர் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு படியிலும் மகளின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி.